‘டர்ன்’ என்ற சொல்லும் அப்பாவின் லேத்தும்

சென்ற வாரம், என்னிடம் டியூஷனுக்கு வரும் மூன்றாம் படிவ மாணவன் ஒருவன், ஆங்கில வாக்கியங்களைத் தமிழில் எழுதிப் பழகும் தன் நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். ‘த மில்க் ஹேஸ் டர்ன்ட்’ என்ற வாக்கியத்துக்கு நேரே, அழகான கையெழுத்தில், ‘பால் திரும்பிவிட்டது’ என்று எழுதியிருந்தான். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, “பால் எங்கடா போயிட்டுத் திரும்புச்சு?” என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரியான தெருவுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருந்தான், அவ்வளவுதான். “உங்க பாட்டி வீட்டுல பால் கெட்டுப்போனா என்னன்னு சொல்வாங்க?” என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “திரிஞ்சி போச்சுன்னு சொல்வாங்க டீச்சர்” என்றான். திரும்பு, திருப்பு, திருகு, திரி ஆகிய நான்கும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள் என்று பலகையில் எழுதிக் காட்டியபோது, அவன் தன் விடையை அடிக்காமல், ‘ரும்பி’ என்ற எழுத்துகளை மட்டும் அழித்து ‘ரிந்து’ என்று திருத்திக்கொண்டான்.

அன்று இரவு முழுவதும் எனக்கு ‘டர்ன்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றிய நினைவாகவே இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லயத்து வீட்டில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பால் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கித்தா என்கிற ரப்பர் மரத்துப் பால்தான். அம்மா மரம் வெட்டினார்; பட்டையைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் தோட்டத்தில் அப்படிச் சொல்வோம். மங்கு என்னும் கிண்ணத்தில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்து வந்து நிறுவைக்குக் கொடுக்கும்வரை அது நீராகவே இருக்க வேண்டும். அதற்காகவே அம்மோனியாக் கலவை தருவார்கள். ஆனாலும் மழைத்தண்ணீர் சேர்ந்துவிட்டாலோ, வாளி சரியாகக் கழுவப்படாமல் இருந்தாலோ, பால் வாளிக்குள்ளேயே கட்டி தட்டத் தொடங்கிவிடும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்படி ஒரு நாள் நேர்ந்தது. மழைக்குப் பயந்து அவசரமாகப் பால் எடுத்து வந்த அம்மா, ஸ்டோர் வாசலில் வாளியை இறக்கிவைத்து மூடியைத் திறந்தார். முழங்கைவரை கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது அவருடைய விரல்களில் வெள்ளைக் கட்டி ஒன்று, நனைந்த துணியைப் போலத் தொங்கியது, அதிலிருந்து கலங்கிய நீர் சொட்டியது. பாலின் தரத்தைப் பார்க்கும் மெட்ரோலாக் கோலைக் கையில் வைத்திருந்த கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், அதை இறக்கிப் பார்க்கவே இல்லை. கட்டிப்பால் கணக்கில் எழுதிவிட்டார். “பால் திரிஞ்சிருச்சு” என்று அம்மா சொன்னது இவ்வளவே. தொழிற்சாலைக்குள் பார்மிக் அமிலத்தை ஊற்றி வேண்டுமென்றே பாலைத் திரியவைத்துத்தான் ரப்பர் ஷீட் அடிக்கிறார்கள். அதே காரியம் சற்று முன்னதாக ஒரு வாளிக்குள் தானாக நடந்தால், அன்றைய கூலியில் பாதி போய்விடும்.

பால் கெடுவதை ஆங்கிலேயரும் தமிழரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே ‘திரும்புதல்’ என்ற வினையின் குடும்பத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒரு பொருள் தன் முகத்தை வேறு பக்கம் காட்டிவிட்டால் அது பழைய பொருள் இல்லை என்ற எண்ணம் இரண்டு மொழியிலும் இருக்கிறது. தமிழிலக்கணமும் இந்தச் சொல்லை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதைத் திரிதல் என்கிறோம். தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தது. பல சொல் ஒரு பொருளைக் குறிப்பதையும், ஒரே சொல் பல பொருளைக் குறிப்பதையும் திரிசொல்லின் இரு வகைகளாக அது சொல்கிறது. ‘டர்ன்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தொல்காப்பியரிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தால், இரண்டாம் வகையில் வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பிடம் என் வீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. அது கிரேக்க மொழியின் ‘டோர்னொஸ்’ என்ற சொல்லிலிருந்து லத்தீனுக்கு வந்து, பழைய ஆங்கிலத்தில் நேராகவும் பிரெஞ்சு வழியாகவும் புகுந்தது. டோர்னொஸ் என்றால் தச்சரின் வட்டம் வரையும் கருவி. லேத் எனப்படும் கடைசல் பொறிக்கும் அதுவே பெயர். ஆக, இன்று நூறு இடங்களில் நூறு பொருளில் வந்து நிற்கும் இந்தச் சொல், முதன்முதலில் ஒரு பட்டறைச் சொல்லாக இருந்தது. மரத்தையோ உலோகத்தையோ சுழலவிட்டு, உளியை அசையாமல் பிடித்து, உருண்டை வடிவம் எடுக்கும் தொழிலின் சொல் அது. ‘டூர்’, ‘ரிட்டர்ன்’, ‘டோர்னமென்ட்’ எல்லாம் அந்த வேரின் கிளைகளே. வழக்கறிஞரைக் குறிக்கும் ‘அட்டர்னி’கூட, ஒருவர் தன் காரியத்தை யாரிடம் திருப்பிவிட்டாரோ அவர் என்ற கருத்தில் பிறந்ததுதான்.

என் அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையின் பட்டறையில் டர்னராக இருந்தார். சம்பளச் சீட்டில் அப்படித்தான் எழுதியிருக்கும்; அவர் மட்டும் தன் வேலையைக் கடைசல் என்றே சொல்வார். ஷீட் அடிக்கும் உருளைகளின் தண்டு தேய்ந்துபோனால் அது அவருடைய லேத்துக்கு வரும். சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கப் போகும் நாள்களில், வாசலில் நின்று பார்ப்பேன். தண்டு சுழலும், கூரிய முனை ஒன்று அதைத் தொட்டும் தொடாமலும் நகரும், இரும்பு நீலம் பாய்ந்த சுருள் சுருளாகச் சீவப்பட்டுக் கீழே விழும். ஒரு தீபாவளிக்கு முன்பு, காய்ந்த கொய்யாக் கட்டை ஒன்றை அதே லேத்தில் மாட்டி எனக்கொரு பம்பரம் கடைந்து கொடுத்தார். கடைசலில் இருந்து எடுத்ததும் அது சூடாக இருந்தது. சுழன்று பிறந்த அந்தக் கட்டை, என் கயிற்றில் மறுபடியும் சுழன்றது. ‘டர்ன்’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள்களையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டேன்; அந்தப் பம்பரத்தின் சூட்டில் தொடங்கித்தான் இன்றைக்கும் எனக்கு அந்தச் சொல் புரிகிறது.

தமிழில் கடைசலின் நிலை இன்னும் சுவையானது. மோரைக் கடைவதும், திருப்பாற்கடலைக் கடைவதும், கடைகோலால் தீயைக் கடைவதும், மரத்தைக் கடைவதும் ஒரே வினை. நன்றாக அமைந்த ஒரு வாக்கியத்தை ஆங்கிலேயர் ‘வெல் டர்ன்ட்’ என்று பாராட்டுவதைப் போல, நாமும் ‘கடைந்தெடுத்தது போன்ற’ சிலை, கடைந்தெடுத்தது போன்ற கால் என்று சொல்வோம். பேச்சு வழக்கில் அந்தப் பாராட்டு இடம் மாறி, ‘கடைந்தெடுத்த அயோக்கியன்’ என்ற வசவாகவும் நிலைத்துவிட்டது. ஒரு பிசிறும் இல்லாமல் முழுக்க முழுக்க அயோக்கியனாகவே உருவானவன் என்ற கருத்துக்குக் கடைசல் இயந்திரத்தைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

சொற்களைப் பொறி நினைவோடு பார்த்தால், பிள்ளைகள் தடுமாறும் இடங்களில் பாதி தெளிந்துவிடும். பயிற்சி நூல்களில் ‘டர்ன் ஆன்’, ‘டர்ன் ஆஃப்’, ‘டர்ன் அப்’, ‘டர்ன் டவுன்’ என்று கட்டம் போட்டுக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதை நான் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன். விளக்கைப் போடுவதற்கு ஏன் ‘திருப்பு’ என்கிறார்கள் என்று கேட்காத பிள்ளை, அந்தக் கட்டத்தைத் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துவிடும். தண்ணீர்க் குழாயின் திருகைத் திருப்பியபோது நீர் வந்தது; பிறகு எரிவாயு விளக்குகளுக்கும் திருகு இருந்தது; மின்சாரம் வந்தபிறகு கை திருப்பாவிட்டாலும் சொல் திருப்பிக்கொண்டே இருக்கிறது. நாம் அதே வேலையை வேறு கண்ணால் பார்த்தோம். லயத்து வீட்டில் எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கு இருந்தது. அதன் பக்கவாட்டுத் திருகைத் திருப்பினால் ஒளி கூடும். ஆங்கிலேயர் அதைத் திருகின் பக்கமிருந்து ‘டர்ன் அப்’ என்றார்கள். அம்மாவோ “திரியைக் கொஞ்சம் ஏத்து” என்பார். திரி என்பதும் முறுக்கப்பட்டது, திரிக்கப்பட்டது என்றுதானே பொருள்!

இதோடு மலேசியாவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நம் பிள்ளைகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘ஓபன் த லைட்’ என்று எழுதுவார்கள். மலாய்மொழியில் ‘பூக்கா லம்பு’ என்று சொல்கிறார்கள், சீனரும் அப்படியே விளக்கைத் திறக்கிறார்கள், நம் வீட்டிலும் “லைட்டத் தொற” என்கிற குரல் கேட்கும். அந்தப் பிள்ளை முட்டாள்தனமாக எதுவும் எழுதவில்லை; மூன்று மொழிகளில் சரியாக இருப்பதை நான்காவதில் எழுதியிருக்கிறது. அதைச் சிவப்பு மையால் அடிக்கும் முன், ஆங்கிலேயன் திருகினான், நாம் திறந்தோம் என்று ஒரு நிமிடம் சொல்லிவிடுவது நல்லது.

பாடப்புத்தகத்தில் இலைகள் சிவப்பாக ‘டர்ன்’ ஆவதைப் படிக்கும்போது, அது குளிர்நாட்டுக் காட்சி, நமக்குச் சம்பந்தமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். கித்தாக் காட்டுக்குள் வளர்ந்தவர்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பச்சை மஞ்சளாகி, சிலவற்றில் செம்பாகி, காலடியில் சருகு மெத்தையாகக் கிடக்கும். பாலும் குறைந்துவிடும், கூலியும் குறைந்துவிடும். இலை திரும்பியது என்று நாம் சொல்வதில்லை; பழுத்தது என்போம். இங்கே தமிழ் முந்திக்கொள்கிறது என்பது என் கருத்து. நிறம் மாறியதை மட்டும் ஆங்கிலம் காண்கிறது. ‘பழுத்த இலை’ என்ற நம் சொல்லில் அதன் வயதும் இருக்கிறது. வயதைச் சொல்லவும் ஆங்கிலம் இதே சொல்லைப் பயன்படுத்தும்: எண்பது வயது ‘டர்ன்’ ஆகிறது என்பார்கள். நமக்கு எண்பது நிறைகிறது.

வயிற்றுக்கு வந்தால் இரு மொழிகளும் மறுபடியும் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. அருவருப்பான ஒன்றைப் பார்த்தால் அவர்களுக்கு வயிறு ‘டர்ன்’ ஆகிறது. நமக்கு வயிற்றைப் புரட்டுகிறது. இந்தப் புரட்டு என்ற சொல் கொஞ்ச நஞ்சமாக வேலை செய்யவில்லை. பக்கத்தைப் புரட்டுகிறோம், தோசையைப் புரட்டிப் போடுகிறோம், பள்ளிக் கட்டணத்துக்குப் பணம் புரட்டுகிறோம், நல்ல வியாபாரம் நடக்கும் கடையில் இலட்சக்கணக்கில் பணம் புரள்கிறது என்கிறோம். கணக்கியல் பாடத்தில் ‘டர்ன்ஓவர்’ என்று வருவது இந்தப் புரளல்தான் என்று சொன்னால், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. பொய்யும் புரட்டும் என்ற இணைச்சொல்லில் இருப்பதும் இதுவே. உண்மையைக் கவிழ்த்துப் போட்டால் அது புரட்டு.

வரிசையைக் குறிக்கும் ‘டர்ன்’ எனக்கு எப்போதுமே தனி. லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரு குழாய். விடியற்காலையில் வாளிகள் வரிசையில் நிற்கும். ஆட்கள் வீட்டுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாளிதான் ஆள். “யாரு மொறை?” என்று யாராவது குரல் கொடுத்தால் உரியவர் ஓடி வருவார். சக்கரம் சுற்றி வரும்போது நம் இடம் மேலே வருவதைப் போலத்தான் ஆங்கிலத்தில் ஒருவருடைய ‘டர்ன்’ வருகிறது. தமிழில் நாம் சொல்லும் முறை என்பது வேறோர் உலகம். முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் என்று வள்ளுவர் பாடுகிறாரே, அந்த முறை நீதி. உறவுக்கும் முறை என்றுதான் பெயர். ஆகையால் குழாயடியில் ஒருவர் முந்திக்கொண்டால், அது வெறும் வரிசை மீறல் என்று யாரும் எடுத்துக்கொண்டதில்லை. முறைகெட்ட செயல் என்றே சண்டை மூளும். மரங்களுக்கும் அங்கே முறை இருந்தது. இன்று வெட்டிய மரத்தை நாளைக்கு வெட்டாமல், ஒருநாள் விட்டு ஒருநாள், தண்டைச் சுற்றி அரைச் சுற்றுக்கு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சரிவில் கத்தி போகும். பட்டைக்குள் பால் நாளங்கள் நேராக நிற்காமல் சற்றே சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுவதால், அந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும்.

இந்த நாட்டில் மலாய்ச் சொல் ஒன்றையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். முறைக்கு மலாயில் ‘கிலிரான்’. மருத்துவமனையில் எடுக்கும் சீட்டிலும் கிலிரான் எண், பள்ளி இறுதியில் எஸ்.பி.எம். தேர்வெழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ‘அங்கா கிலிரான்’, அதாவது தேர்வு எண். சுற்றுவதற்கு இன்னொரு சொல் ‘பூசிங்’. பேராக்கில் பத்து காஜா நகருக்கு அருகில் அந்தப் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. சாலையில் யூ டர்ன் அடிக்கும் இடத்தில் ‘பூசிங்கான் யூ’ என்று பலகை நிற்கிறது. தலை சுற்றினாலும் பூசிங்தான்.

‘டர்ன் டவுன்’ என்றால் குறைப்பதும் மறுப்பதும், ‘டர்ன் இன்’ என்றால் படுக்கப் போவதும் ஒப்படைப்பதும் என்பதையெல்லாம் விரிக்காமல் விடுகிறேன்; அகராதியே போதும். ஒருவர் நமக்குச் செய்த நல்ல ‘டர்ன்’ இன்னொன்றுக்கு உரியது என்ற ஆங்கிலப் பழமொழியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உதவியை அவர்கள் திரும்பி வரவேண்டிய ஒன்றாக எண்ணினார்கள். நம்மிடமும் கைம்மாறு என்ற சொல் உண்டு. ஆனால் வள்ளுவர் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று தொடங்கி, மழைக்கு இந்த உலகம் என்ன திருப்பிச் செய்துவிடும் என்று கேட்டு, அந்தச் சக்கரத்தையே நிறுத்திவிட்டார். இரண்டையும் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன்.

கடைசியாக ‘டர்ன் அவுட்’. இந்த ஒன்றைப் பலகையில் எழுதும்போது இன்றைக்கும் என் கை தயங்கும். அழைத்தவுடன் வேலைக்கு வந்து கூடுவது ‘டர்ன் அவுட்’. இருக்கும் இடத்தைவிட்டு ஒருவரை வெளியே தள்ளுவதும் ‘டர்ன் அவுட்’. வருவதும் துரத்தப்படுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

தோட்டத்தில் காலை ஐந்தரைக்குப் பெரட்டு. ‘பரேட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் பெரட்டாயிற்று. சிறுவயதில் நான் அதையும் புரட்டு என்றே கேட்டு, தூக்கத்தில் இருப்பவர்களைப் புரட்டி எழுப்புவதால் வந்த பெயர் என்று நம்பியிருந்தேன். விடியும் முன்பு மரத்தில் பால் அழுத்தம் அதிகமாக இருக்கும் என்பதால் அந்த நேரம். இருட்டில் தலைவிளக்குகளோடு பெரட்டுக் களத்தில் நின்று, கங்காணி பெயர் வாசிக்கும்போது அம்மா பதில் கொடுப்பார். அப்படி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வந்து நின்றவர்களுடைய தோட்டம் ஒரு நாள் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்பு நிலமாயிற்று. வெளியேறும்படி கடிதம் வந்தது. அப்பா ஓய்வுபெற்றிருந்த நேரம் அது. எங்கே போவது, யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை. இதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்வார்கள், திரும்புவதற்கு இடமில்லை என்று. அப்பா எதையும் பேசாமல், பட்டறையில் இருந்து கொண்டுவந்த அளவுகோலையும் இரண்டு உளிகளையும் பழைய துணியில் சுற்றிக் கட்டினார்.

நேற்றைய வகுப்பில் இரண்டு வாக்கியங்களை எழுதினேன். ஐந்தரைக்குத் தொழிலாளர்கள் ‘டர்ன் அவுட்’ ஆனார்கள் என்பது முதலாவது; அந்த ஆண்டு தொழிலாளர்கள் வீடுகளிலிருந்து ‘டர்ன் அவுட்’ ஆனார்கள் என்பது, செயப்பாட்டு வினையில், இரண்டாவது. பால் திரும்பிவிட்டது என்று எழுதிய பையன் நெடுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தாத்தாவும் பாட்டியும் எங்கள் லயத்துக்கு நான்கு லயம் தள்ளி இருந்தவர்கள்.

“டீச்சர், ரெண்டுலயும் ஒரே ஆளுங்கதானா?” என்றான்.

“ஒரே ஆளுங்கதான்” என்றேன்.

தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினான். முதல் வாக்கியத்துக்கு நேரே ‘பெரட்டுக்கு வந்தார்கள்’ என்று எழுதினான். இரண்டாவதற்கு ‘வெளியேற்றப்பட்டார்கள்’ என்று எழுதிவிட்டு, அதை அடித்து, ‘கிளப்பிவிட்டார்கள்’ என்று மாற்றினான். தோட்டத்தில் எல்லாரும் சொன்ன சொல் அதுதான். வினை மாறியிருக்கிறது, செயப்பாட்டு வினையாக இல்லை என்று இலக்கணப்படி நான் சொல்லியிருக்கலாம். அந்த வரிக்குச் சரி என்று குறியிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.